படமும் பாட்டும் ஒரே பெட்டியில்: ஸ்டீரியோவுக்கும் கைகொடுக்கும் ஏவி ரிசீவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

படம் பார்க்க ஒரு செட், பாட்டுக் கேட்க இன்னொரு செட் என்று வைத்துக்கொள்ள எல்லோர் வீட்டிலும் இடம் இருப்பதில்லை. டிவி, பிளேயர் ஒலியை வாங்கி எல்லா ஸ்பீக்கர்களையும் ஓட்டும் பெட்டிதான் ஏவி ரிசீவர். அது ஒன்றிலேயே இரண்டையும் முடித்துக்கொள்ள முடியுமா? தாராளமாக முடியும். "ரிசீவரில் பாட்டு எடுபடாது" என்று சொல்பவர்களில் பலர் அதைத் தவறான செட்டிங்கில் கேட்டவர்கள். அதற்காக எந்த ரிசீவரை எடுத்தாலும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சேனல் (ஸ்பீக்கருக்கான தனி ஒலி வழி) எண்ணிக்கை: 5.2, 7.2, 9.4, 11.4. பாட்டுக்கு வேண்டியதோ இடம், வலம் என்று இரண்டே சேனல். அந்த இரண்டை எவ்வளவு தெம்பாக ஓட்டுகிறது, பேஸை (கீழ்ச்சுருதி ஒலியை) மட்டும் கொடுக்கும் சப்-வூஃபரை அவற்றோடு எப்படிக் கோக்கிறது, உங்கள் அறை செய்யும் சேட்டையை எப்படி அடக்குகிறது என்ற மூன்றையும் பார்த்தாலே பட்டியலில் பாதி மாடல்கள் கழன்றுவிடும்.

முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள்

ரிசீவரை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஸ்பீக்கர் தேடுவது தலைகீழ் வேலை. காதில் விழும் ஒலியின் குணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போய்விடும். ரிசீவருக்கு ரிசீவர் இருக்கும் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். எனவே பட்ஜெட்டைப் பிரிக்கும்போது முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுங்கள். நடுவில் வைக்கும் சென்டரும் சுற்றி வைக்கும் சரவுண்டும் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரலாம்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. இன்னொன்று இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை: 8 ஓமா, 6 ஓமா, 4 ஓமா என்பது.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஸ்பீக்கர் 87 டெசிபல் என்று வையுங்கள். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். தூரத்துக்காகச் சுமார் 9 டெசிபல் கழியும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதால் 3 கூடும். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போனாலே உங்கள் நாற்காலியில் 81 டெசிபல். வீட்டில் நிதானமாகக் கேட்கும் 75 டெசிபலுக்குக் கால் வாட் போதும்! அப்புறம் எதற்கு 100 வாட்? பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. ஒரு ட்ரம் அடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறினால் அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு பவர் வேண்டும். கால் வாட் அங்கே 25 வாட் ஆகிறது. சத்தத்தை இன்னும் 6 டெசிபல் கூட்டிக் கேட்பவருக்கு அதே அடி 100 வாட்டை எட்டிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரியும். 90 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதனால் 90 வாட் மாடலை விட்டுவிட்டு 110 வாட் மாடலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு டெசிபல்கூடத் தேறாது.

வாட் எண்ணை நம்பும் முன்

ஒரே ரிசீவரின் விவரத்தாளில் இப்படி இரண்டு வரிகள் இருக்கலாம். ஒன்று: "180 வாட், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், 1 சேனல்". மற்றொன்று: "95 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத டிஸ்டார்ஷன், 2 சேனல்". இரண்டுமே பொய்யில்லை. ஆனால் முதல் வரியில் 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் ஒலி உடைந்து இரைகிற நிலை. அந்த நிலையில் யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. இரண்டாவது வரிதான் நமக்கு வேண்டியது. எந்த மாடலோடு எதை ஒப்பிட்டாலும் 8 ஓம், முழு அலைவரிசை, இரண்டு சேனல் என்ற நிபந்தனையில் சொன்ன எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"எல்லாச் சேனலும் ஓடினால் பவர் பாதியாகிவிடுமே" என்று ஒரு குறை எப்போதும் பேசப்படும். உண்மைதான். உள்ளே சேனலுக்கு ஒன்றாக இருக்கும் ஆம்ப்கள் எல்லாம் ஒரே பவர் சப்ளையைத்தான் பங்கு போடுகின்றன. ஆனால் ஸ்டீரியோவில் இது நமக்குச் சாதகம். இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது மொத்த சப்ளையும் அந்த இரண்டுக்கே கிடைக்கிறது.

4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் கேட்கும் கரண்ட்டைப் போல இரு மடங்கு கேட்கும் ஸ்பீக்கர் அது. ரிசீவரின் கையேட்டில் முன் சேனல்களுக்கு 4 ஓம் அனுமதி உண்டா என்று பாருங்கள். சில ரிசீவர்களின் மெனுவில் இம்பீடன்ஸ் செட்டிங் ஒன்று இருக்கும். அதை 4 ஓமுக்கு மாற்றினால் ரிசீவருக்குப் புதுத் தெம்பு வந்துவிடாது. சூடு ஏறாமலிருக்க உள் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எடையும் ஒரு தடயம். வழக்கமான ஏபி வகை ஆம்ப் உள்ள ரிசீவர்களில் கனமானது என்றால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட் சிங்க் என்று ஓரளவு ஊகிக்கலாம். கனமில்லாமலே தெம்பு தரும் டி வகை ஆம்ப்களுக்கு இந்த ஊகம் செல்லாது.

அறைத் திருத்தம்: காசு கொடுக்க வேண்டிய இடம்

என்னைக் கேட்டால், பாட்டுக்காக ரிசீவர் வாங்குபவர் அதிகம் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்களில் பெரும்பாலானவற்றில் இல்லாத ஒன்று இந்தப் பெட்டியில் இருக்கிறது என்றால் அது இதுதான்: மைக் வைத்து அறையை அளந்து, ஒலியை அதற்கேற்பச் சீராக்கும் வசதி.

நான்கு மீட்டர் நீளமுள்ள அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியை ஒட்டிய சுருதி அது. அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து முழங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் அடைத்துக்கொண்டு வரும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுருதி காணாமல் போகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் இதேபோல் தனித்தனிக் கணக்கு உண்டு. வீட்டு அறைகளில் சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட அறையின் கைதான் ஓங்கியிருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த ஆம்ப் வாங்கினாலும் இது தீராது. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்ப்பது முதல் மருந்து. அடுத்தது அறைத் திருத்தம்.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி என்ற அறைத் திருத்தம் வருகிறது. அதிலேயே மல்ட்டிஇக்யூ, எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று படிநிலைகள் உண்டு. எக்ஸ்டி32-க்கும் கீழ்ப்படிக்கும் பேஸில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஒரே வரிசையில் இரண்டு மாடல்களுக்கு நடுவே தடுமாறினால், சேனல் எண்ணிக்கைக்காக அல்ல, இதற்காக மேலே போங்கள். ஒன்கியோ, பயனியர், என்ஏடி நிறுவனங்களின் சில மாடல்களில் டிராக் லைவ் என்ற வேறொரு திருத்தம் இருக்கிறது. டெனான், மராண்ட்ஸ் மேல்மட்ட மாடல்களிலும் தனியாக உரிமம் வாங்கி அதைச் சேர்க்கலாம். டிராக்கில் முழு அலைவரிசைக்கும் திருத்தும் உரிமம் ஒன்று, 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தும் உரிமம் ஒன்று. பாட்டுக்கு இரண்டாவதே பெரும்பாலும் போதும். யமஹாவின் ஒய்பிஏஓ-வும் ஆந்தமின் ஏஆர்சி-யும் இதே வேலையைத் தத்தம் வழியில் செய்கின்றன. யமஹாவின் மேல்நிலை மாடல்களில் ஈக்வலைசரை நாமே கையால் திருத்தவும் முடியும்.

ஏன் 500 ஹெர்ட்ஸ் போதும்? அதற்கு மேலே நல்ல ஸ்பீக்கரின் சொந்தக் குணம் தலைதூக்கும். அதைத் திருத்தப் போய் மனிதக் குரலின் நிறத்தை மாற்றிவிடுவது நடக்கும். ஆடிஸி குறிவைக்கும் வழக்கமான ஒலி வளைவில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு பள்ளம் வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது குரலை ஒரு அடி பின்னால் தள்ளியதுபோல் கேட்கும். ஆடிஸியின் மொபைல் ஆப்பைக் காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பள்ளத்தை நீக்கலாம், திருத்தத்தை எந்த அலைவரிசையோடு நிறுத்துவது என்றும் சொல்லலாம். நான் அதை 300 ஹெர்ட்ஸில் நிறுத்தச் சொல்வேன். நீங்கள் பார்க்கும் மாடல் இந்த ஆப்போடு வேலை செய்யுமா என்று வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவெடுக்கும்போது மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோஃபாவின் முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். ஸ்டாண்டில், காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும். முதல் அளவு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தின் நடுவில். மற்றவற்றை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் எடுத்தால் பாட்டுக்கு நல்லது. அறை முழுக்க மைக்கைச் சுற்றினால் யாருக்கும் முழுசாகப் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும்.

சப்-வூஃபரைக் கோப்பது

அளவெடுத்து முடிந்ததும் ரிசீவர் உங்கள் முன் ஸ்பீக்கரை "லார்ஜ்" என்று பதிந்துகொள்வது அடிக்கடி நடக்கும். சப்-வூஃபர் இருந்தால் தயங்காமல் "ஸ்மால்" என்று மாற்றுங்கள். இது உங்கள் ஸ்பீக்கரை மட்டம் தட்டுவதில்லை. கீழ் அலைவரிசையை சப்-வூஃபருக்குத் திருப்பிவிடு என்பதற்கான குறி மட்டுமே. ஸ்பீக்கரும் சப்-வூஃபரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சின்ன புக்‌ஷெல்ஃப் என்றால் 90, 100 என்று ஏற்றிப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் சுமை குறையும், ஆம்புக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். சப்-வூஃபர் தனியாக ஒரு மூலையிலிருந்து கத்துவதுபோல் கேட்டால் அதன் அளவு கூடுதல் என்று அர்த்தம். நிறுத்தினால்தான் அது இருந்ததே தெரிய வேண்டும்.

டைரக்ட் பட்டன் என்னும் பொறி

பியூர் டைரக்ட், டைரக்ட் என்று ரிமோட்டில் ஒரு பட்டன் இருக்கும். பாட்டுக்கு அதுதான் சுத்தமான வழி என்று பலர் சொல்வார்கள். அதை அழுத்தினால் டோன் கண்ட்ரோல் போகும், பியூர் டைரக்ட் என்றால் டிஸ்பிளேயும் அணையும். கூடவே அறைத் திருத்தமும் போகும். பல மாடல்களில் சப்-வூஃபரும் சேர்ந்தே போய்விடும். கஷ்டப்பட்டு அளவெடுத்துச் சீராக்கிய பேஸை ஒரே பட்டனில் தூக்கி எறிவதுதான் அது. திருத்தம் இல்லாதபோது 43 ஹெர்ட்ஸ் மறுபடி முழங்கும். அதையே "கனமான, உயிரோட்டமான ஒலி" என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டையும் ஒரே சத்தத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் ஓட்டு சாதாரண "ஸ்டீரியோ" மோடுக்கு. டைரக்ட் பயன்படுவது ஒரே சந்தர்ப்பத்தில்: அறை நன்றாக இருந்து, முன் ஸ்பீக்கர்கள் பெரிய டவர்களாக இருந்து, அனலாக் சிக்னலை அப்படியே கேட்க நினைக்கும்போது.

ஏனென்றால் பெரும்பாலான ரிசீவர்கள் ஆர்சிஏ கேபிள் வழியாக வரும் அனலாக் சிக்னலை முதலில் டிஜிட்டலாக மாற்றி, வேண்டியதைச் செய்து, மறுபடி அனலாக்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். சிடி பிளேயரை ஆர்சிஏ-வில் மாட்டினால் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டாக் பகுதிக்கு, பிளேயரில் ஒரு முறை, ரிசீவரில் ஒரு முறை என்று இரட்டை வேலை. ஆப்டிகல் அல்லது கோ-ஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் மாட்டுங்கள், ரிசீவரின் டாக் ஒன்றே போதும்.

டாக் சிப் எந்த நிறுவனத்தினுடையது என்பதில் அதிகம் மூழ்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் டாக் சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்ததால் பல ஆடியோ நிறுவனங்கள் வேறு சிப்புகளுக்கு மாற வேண்டி வந்தது. சிப்பைச் சுற்றி இருக்கும் மின்சுற்று சரியாக இருந்தால் எந்தச் சிப் என்பது காதுக்கு எளிதில் பிடிபடாது. "சூடான ஒலி", "குளிர்ந்த ஒலி" என்று பிராண்டுகளுக்கு ஜாதகம் எழுதுவதும் அப்படித்தான். டெனானும் மராண்ட்ஸும் 2002 முதல் ஒரே குடும்பம். உள்ளே பகிர்ந்துகொள்வது நிறைய. மராண்ட்ஸ் தன் பங்குக்கு எச்டிஏஎம் என்ற சொந்த மின்சுற்றைச் சேர்க்கிறது, வெளித்தோற்றத்திலும் மெனக்கெடுகிறது. அந்தக் கூடுதல் விலை மதிப்பா என்பதை உங்கள் காது சொல்லட்டும்.

பின்பக்கத்தைப் பாருங்கள்

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் ஃபோனோ இன்புட் அவசியம். ரிசீவர்களில் வருவது பொதுவாக எம்எம் (நகரும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜுக்கானது; கார்ட்ரிட்ஜ் என்பது பிளேயரின் ஊசித்தலை. எம்சி (நகரும் சுருள்) வகை என்றால் தனி ஃபோனோ ஆம்ப் தேவைப்படும். சில கீழ்விலை மாடல்களில் ஃபோனோவே இருக்காது.

இன்னொன்று, முன் சேனல்களுக்கான ப்ரீ-அவுட்: ரிசீவரின் ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய சிக்னலை வெளியே கொடுக்கும் துளைகள். பின்னாளில் ஸ்டீரியோ பவர் ஆம்ப் ஒன்றைச் சேர்த்து முன் ஸ்பீக்கர்களை அதில் ஓட்ட நினைத்தால் இந்த இரண்டு துளைகள் இல்லாமல் முடியாது. இப்போது வேண்டாம் என்றாலும் ப்ரீ-அவுட் உள்ள மாடலை எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். டெனான், மராண்ட்ஸில் சில மாடல்களில் ப்ரீ-ஆம்ப் மோடு இருக்கிறது. உள் ஆம்பைத் துண்டித்துவிடுவதால் ப்ரீ-அவுட்டில் சிக்னல் இன்னும் சுத்தமாக வரும். பவர் ஆம்புக்குப் பதில் வால்யூமும் சேர்ந்த இன்டெகிரேட்டட் ஆம்பைச் சேர்ப்பதானால் அதில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (அந்த வால்யூமைத் தாண்டி சிக்னலை விடும் வசதி) உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் படம் பார்க்கும்போதெல்லாம் அதன் வால்யூமை ஒரே குறியில் நிறுத்த வேண்டியிருக்கும். மறந்துவிட்டால் சமநிலை கெடும், சில சமயம் ஸ்பீக்கரே கெடும்.

மிச்சமிருக்கும் ஆம்ப்களை முன் ஸ்பீக்கருக்குத் திருப்பி பை-ஆம்ப் (ஒரு ஸ்பீக்கரை இரண்டு ஆம்ப்களால் ஓட்டுவது) செய்யலாம் என்ற ஆலோசனையை விட்டுத்தள்ளுங்கள். பவர் சப்ளை ஒன்றே என்பதால் பெரிதாக எதுவும் கூடாது.

ஸ்ட்ரீமிங்கைப் பொறுத்தவரை உங்கள் போனும் நீங்கள் சந்தா கட்டும் சேவையும் எதைப் பேசுகின்றனவோ அதையே ரிசீவரும் பேச வேண்டும்: ஏர்பிளே 2, குரோம்காஸ்ட், டெனான், மராண்ட்ஸின் ஹியோஸ், யமஹாவின் மியூசிக்காஸ்ட். புளூடூத்தை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். ஆல்பங்களை முழுதாகக் கேட்பவர் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் ஓடுமா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கேட்கும்போது

இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காவிட்டால் அந்த ஒப்பீடு வீண். ஒரு டெசிபல் அதிகமாக ஒலிப்பது எப்போதும் "தெளிவாக" இருப்பதாகத்தான் தோன்றும். போனில் ஒரு சத்தமானி ஆப்பைப் போட்டு, ஒரே டெஸ்ட் சத்தத்தை ஓட்டி, இரண்டின் வால்யூமையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் ஒன்றே, நாற்காலி ஒன்றே. உங்களுக்கு மனப்பாடமான மூன்று நான்கு பாட்டுகள் போதும். ஒன்றில் தனிக்குரல், ஒன்றில் கீழ்ச்சுருதியில் நடக்கும் பேஸ், ஒன்றில் வாத்தியக் கூட்டம். சத்தம் குறைவாக வைத்தும் கேளுங்கள். இரவில் நீங்கள் கேட்கப்போவது அப்படித்தானே! வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் அருகே காதை வைத்து இரைச்சல் வருகிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆடிஸி உள்ள ரிசீவரில் டைனமிக் இக்யூ என்ற ஒன்று இயங்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. படத்துக்கு அருமை. ஆனால் சினிமா ஒலிக்கலவைக்கென்று அமைத்த கணக்கு என்பதால் பாட்டில் பேஸ் பொங்கி வழியும். முழுதாக அணைக்க வேண்டியதில்லை. ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட் என்ற வரியில் படத்துக்கு 0, செவ்வியல் இசைக்கு 5, ஜாஸுக்கு 10, சத்தமாகவே பதிவாகும் பாப், ராக் வகைக்கு 15 டெசிபல் என்று வையுங்கள். பேஸ் அடங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் இதையெல்லாம் மெனுவில் தேடி மாற்ற வேண்டியதில்லை. டெனானில் குயிக் செலக்ட், மராண்ட்ஸில் ஸ்மார்ட் செலக்ட், யமஹாவில் சீன் என்று பட்டன்கள் இருக்கும். ஒன்றில் படம், ஒன்றில் பாட்டு என்று பதிந்துவைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களும் தடுமாறாமல் பயன்படுத்துவார்கள். ஈகோ மோடை அணைத்தும் போட்டும் பாருங்கள். வித்தியாசம் கேட்காவிட்டால் போட்டே வைக்கலாம், கரண்ட் மிச்சம். ரிசீவரின் தலைக்கு மேல் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் ஆயுள் குறையும்.

ரிசீவரே வேண்டாம் என்பவர்களும் உண்டு

சரவுண்டு ஸ்பீக்கர் வைக்கும் எண்ணமே இல்லை, டிவி ஒலியும் பாட்டும் இரண்டு ஸ்பீக்கரில் வந்தால் போதும் என்பவர் ஏழு ஆம்ப்களுக்குக் காசு கொடுப்பானேன்? மராண்ட்ஸ் என்ஆர்1200, டெனான் டிஆர்ஏ-800எச் போல எச்டிஎம்ஐ உள்ள இரண்டு சேனல் ரிசீவர்கள் இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டிலும் அறைத் திருத்தம் கிடையாது. அறை மோசம் என்றால், ஐந்து ஆம்ப்கள் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை என்று நல்ல அறைத் திருத்தம் உள்ள ஏவி ரிசீவரையே எடுக்கச் சொல்வேன்.

கைமாறிய பழைய மாடலும் நல்ல வழி. ரிசீவரில் சீக்கிரம் பழசாவது எச்டிஎம்ஐ வீடியோ பகுதிதான். ஆம்ப் பல வருடம் தாங்கும். கேம் கன்சோலையும் பிளேயரையும் நேரே டிவியில் மாட்டிவிட்டு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளின் ஏஆர்சி (ஒலியைத் திருப்பி அனுப்பும் வழி; மேலே சொன்ன ஆந்தமின் ஏஆர்சி அல்ல) வழியே ஒலியை மட்டும் ரிசீவருக்கு எடுத்துக்கொண்டால் பழைய வீடியோ பகுதி குறுக்கே வராது. ஸ்டீரியோவுக்கும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் ஸ்ட்ரீமிங் சேவைகளின் அட்மாஸுக்கும் ஏஆர்சி போதும். புளூ-ரேயின் இழப்பின்றிச் சுருக்கிய ட்ரூஎச்டி ஒலி வேண்டுமென்றால்தான் டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி தேவை. பழையதை வாங்கும்போது அளவெடுக்கும் மைக் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். அது அந்தந்த ரிசீவருக்கென்று வருவது. கையில் இருக்கும் வேறு ஏதோ மைக்கை மாட்டி அளவெடுத்தால் திருத்தம் கோணலாகிவிடும்.